கணினி மானிட்டர்: தேர்வு, பராமரிப்பு, பாதுகாப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினியை மாற்றுகிறவர்களில் பலர் மானிட்டரை மாற்றுவதில்லை. புதிய கணினியோடும் பழைய திரையே தொடர்கிறது. அவ்வளவு நாள் கண்ணெதிரே இருக்கப்போகும் பொருளை அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்களை மட்டும் பார்த்து வாங்குவதால்தான் பிறகு மனக்குறை வருகிறது. கண்வலி, கழுத்துவலி, மங்கலான எழுத்து என்று சொல்லப்படும் புகார்கள் பலவற்றுக்குத் திரை காரணமாக இருப்பதில்லை. அது வைக்கப்பட்ட இடமும் அதன் அமைப்புகளுமே காரணமாக இருக்கின்றன. கீழே உள்ள பதில்கள் அந்த எண்ணத்தோடு எழுதப்பட்டவை.

எத்தனை அங்குலத் திரை வாங்குவது?

முதலில் அளக்க வேண்டியது திரையை அல்ல, மேசையை. நாற்காலியில் வழக்கம்போல் அமர்ந்து, கண்ணிலிருந்து திரை நிற்கப்போகும் இடம் வரை எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கணினி வேலைக்கு 50 முதல் 100 சென்டிமீட்டர் வரை பொதுவாக ஏற்கப்பட்ட தூரம். அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை எடுக்கப்படும் அளவு என்பதால் அகலத்தை அது நேராகச் சொல்லாது. 16:9 விகிதத்தில் 24 அங்குலத் திரை ஏறத்தாழ 53 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும். 27 அங்குலம் 60-க்கு 34. 32 அங்குலம் 71-க்கு 40.

இந்த அளவுக்கு ஒரு பழைய அட்டையை வெட்டி, மேசைமேல் நிறுத்தி, அதன் இரு மேல் மூலைகளையும் மாறி மாறிப் பாருங்கள். கண்ணை மட்டும் திருப்பினால் போதுமா, தலையையும் திருப்ப வேண்டியிருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். நாள் முழுதும் எழுத்தும் கணக்கும் பார்க்கிறவர் தலையைத் திருப்பும் நிலைக்குப் போகாமல் இருப்பது நல்லது. தாங்கியின் பாதம் பல மாதிரிகளில் 20 சென்டிமீட்டருக்கும் மேல் ஆழம் எடுத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள மேசையில் 32 அங்குலத் திரையை அதன் சொந்தத் தாங்கியிலேயே வைத்தால் அது முகத்துக்கு மிக அருகில் வந்துவிடும்.

எந்தத் தெளிவுத்திறன் போதும்? 4கே கட்டாயமா?

தெளிவுத்திறனை, அதாவது திரையில் உள்ள பிக்சல் எனும் சிறு புள்ளிகளின் எண்ணிக்கையை, தனியாகப் பார்த்துப் பயனில்லை. திரையின் அளவோடு சேர்த்து, ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல்கள் என்று பார்க்க வேண்டும். 24 அங்குலத்தில் 1920×1080 என்றால் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். அதே 1920×1080-ஐ 27 அங்குலத்துக்கு இழுத்தால் 82 ஆகக் குறைகிறது. 27 அங்குலத்தில் 2560×1440 என்றால் 109. 3840×2160, அதாவது 4கே என்றால் 163.

என் கருத்தில், வாசிப்பதும் எழுதுவதுமே முக்கிய வேலை என்றால் 27 அங்குலத்தில் 1920×1080 வாங்கவே கூடாது. விலை குறைவாகவும் திரை பெரிதாகவும் இருப்பதால் அது கையை இழுக்கும். ஆனால் எழுத்தின் ஓரங்களில் படிக்கட்டுபோல் பிசிறு தெரியும். தமிழில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ‘ண’, ‘ணை’ போன்றவற்றின் நெருங்கிய சுழிகளும், மெய்யெழுத்தின் மேல் நிற்கும் சிறு புள்ளியும்தான் அடர்த்தி குறைந்த திரையில் முதலில் கலங்கிப்போகின்றன. திரையைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் வழக்கமாக வாசிக்கும் அளவிலேயே ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது எந்த விளம்பரத்தையும்விட நல்ல சோதனை.

4கே எழுத்துக்கு உண்மையிலேயே அழகு சேர்க்கிறது. ஆனால் 27 அங்குலத்தில் அதை 100 விழுக்காடு அளவில் பயன்படுத்தினால் எழுத்துகள் எறும்புபோல் சிறுத்துவிடும். இயங்குதளத்தில் 150 விழுக்காடு என்று பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். அப்போது திரையில் கிடைக்கும் இடம் 2560×1440 அளவுக்குத்தான் இருக்கும். கூடுவது இடமன்று, கூர்மை. மிகப் பழைய மென்பொருள்கள் சில இந்தப் பெரிதாக்கலைச் சரியாகக் கையாளாமல் மங்கலாகத் தெரியலாம்.

ஐபிஎஸ், விஏ, டிஎன், ஓஎல்இடி: எதை எடுப்பது?

முதல் மூன்றும் எல்சிடி வகைகள். பின்னாலிருந்து வரும் ஒளியைத் திரவப் படிகங்கள் தடுத்தும் விட்டும் படத்தை உண்டாக்குகின்றன. அந்தப் படிகங்கள் எப்படித் திரும்புகின்றன என்பதில்தான் வேறுபாடு. ஐபிஎஸ் திரையைப் பக்கவாட்டிலிருந்தோ மேலிருந்தோ பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. ஆனால் அதன் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், பொதுவாக 1000:1 அளவில் நிற்கும் என்பதால் இருட்டறையில் கறுப்பு சற்றுச் சாம்பலாகத் தெரியும். விஏ திரையில் 3000:1 அளவு எளிதாகக் கிடைக்கும். கறுப்பு ஆழமாக இருக்கும். ஆனால் கருநிறப் பகுதிகள் வேகமாக நகரும்போது பின்னால் நிழல் இழுபடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளை வைத்துப் பக்கத்தை உருட்டினால் இது கண்ணில் படும். டிஎன் திரையை இன்று எழுத்து வேலைக்கோ படங்களுக்கோ பரிந்துரைக்கக் காரணமில்லை; நேராக அமர்ந்திருக்கும்போதே மேல் பாதியும் கீழ் பாதியும் வேறு வேறு நிறமாகத் தெரியும்.

வேறெதையும் யோசிக்க நேரமில்லாதவர் ஐபிஎஸ் எடுத்துக்கொள்ளலாம்.

ஓஎல்இடி திரையை அலுவலக வேலைக்குப் பயன்படுத்தலாமா?

ஓஎல்இடியில் பின்னொளி கிடையாது; ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது, தானே அணைகிறது. அதனால் கறுப்பு முழுக் கறுப்பாகவே இருக்கும். படம் பார்ப்பதற்கும் விளையாட்டுக்கும் இதற்கு ஈடில்லை. அதே காரணத்தால் ஒரு தொல்லையும் உண்டு: அதிகம் ஒளிரும் பிக்சல்கள் மற்றவற்றைவிட முன்னதாக மங்கும். திரையின் அடியில் நாள் முழுதும் அசையாமல் இருக்கும் பணிப்பட்டை, விரிதாளின் கட்டங்கள், மேலே நிற்கும் நிரல் பட்டியல் ஆகியவை காலப்போக்கில் தழும்பாகப் பதிந்துவிடலாம். இதைத் தள்ளிப்போடும் ஏற்பாடுகளைத் தயாரிப்பாளர்கள் சேர்த்திருக்கிறார்கள்; திரை அணைந்திருக்கும்போது அவை தாமே இயங்கும் என்பதால் சுவர் சுவிட்சை அணைத்து அவற்றுக்குத் தடை போடக் கூடாது. சில ஓஎல்இடி திரைகளில் சிவப்பு, பச்சை, நீலத் துணைப் பிக்சல்கள் வழக்கமான வரிசையில் இல்லாததால் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிறக்கோடு தெரிவதும் உண்டு. ஒரே மென்பொருளை எட்டு மணி நேரம் திறந்துவைத்திருப்பவருக்கு நான் ஐபிஎஸ் திரையையே சொல்வேன்.

144 ஹெர்ட்ஸ், 240 ஹெர்ட்ஸ் என்கிறார்களே, அவை தேவையா?

புதுப்பிப்பு வீதம் என்பது திரை ஒரு நொடியில் எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பதைக் குறிக்கும். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிநொடி நிற்கும். 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லிநொடி. வேகமான விளையாட்டுகளில் இந்த வேறுபாடு பெரிது. எழுத்து வேலையில் சுட்டியின் நகர்வும் பக்கம் உருளுவதும் வழுவழுப்பாகத் தோன்றும், அவ்வளவே. 60-லிருந்து 100 அல்லது 120-க்குப் போவது உணரத்தக்க மாற்றம். அதற்கு மேல் போகப் போக, விளையாட்டு ஆடாதவர் செலவழிக்கும் பணத்துக்குப் பலன் குறைந்துகொண்டே போகும். வாங்கியபின் இயங்குதள அமைப்பில் அந்த வீதத்தைத் தேர்ந்தெடுக்கவும் மறக்கக் கூடாது. 144 ஹெர்ட்ஸ் திரை 60-இல் ஓடிக்கொண்டிருப்பது அடிக்கடி நடப்பதுதான்.

பெட்டியில் உள்ள “1 மில்லிநொடி”, “கோடிக்கு ஒன்று கான்ட்ராஸ்ட்”, “எச்டிஆர்” ஆகியவற்றை எவ்வளவு நம்பலாம்?

1 மில்லிநொடி என்பது பிக்சல் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற எடுக்கும் நேரம். அது பெரும்பாலும், அந்த மாற்றத்தை விரைவுபடுத்தும் முடுக்கத்தை மிக அதிகமாக வைத்த நிலையில், மிகச் சாதகமான ஒரு நிற மாற்றத்தில் எடுத்த அளவு. அந்த முடுக்கத்தை உச்சத்தில் வைத்தால் நகரும் பொருளின் பின்னால் நிழலுக்குப் பதிலாக வெளிறிய ஓர் ஓரம் தோன்றும். நடு நிலையே போதும். கோடிக்கணக்கில் சொல்லப்படும் ‘டைனமிக்’ கான்ட்ராஸ்ட், பின்னொளியையே கூட்டிக் குறைத்து எடுத்த கணக்கு. ஒரே படத்தில் அது கிடைக்காது. அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம்.

எச்டிஆர், அதாவது மிக வெளிச்சமான பகுதியையும் மிக இருண்ட பகுதியையும் ஒரே படத்தில் காட்டும் முறை, சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது. ‘டிஸ்ப்ளேஎச்டிஆர் 400’ என்ற முத்திரை உள்ள திரை 400 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) வரை ஒளிர முடியும் என்பதை உறுதிசெய்கிறது. ஆனால் திரையின் இருண்ட பகுதிக்கு மட்டும் பின்னொளியைத் தனியாகக் குறைக்கும் வசதி அந்த நிலைக்குக் கட்டாயமில்லை. அந்த வசதி இல்லாமல் இரவுக் காட்சியில் ஒரு விளக்கைப் பளிச்சிடச் செய்தால் சுற்றியுள்ள இருளும் சேர்ந்து வெளுக்கும். எனவே 400 முத்திரைக்காக மட்டும் கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

நிறம் துல்லியமாக இருக்க வேண்டுமானால் எதைப் பார்க்க வேண்டும்?

இணையத்தில் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளியை, அதாவது காட்டத்தக்க நிறங்களின் வரம்பை, சார்ந்தவை. எச்பி, மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள் 1996-இல் சேர்ந்து முன்வைத்தது அது. அதை முழுமையாகக் காட்டும் திரை பொது வேலைக்குப் போதும். அச்சுக்குப் படம் தயாரிப்பவர் அடோபி ஆர்ஜிபி-யையும், திரைப்படத் தொகுப்பாளர் டிசிஐ-பி3-யையும் (இவை இன்னும் அகன்ற நிறவெளிகள்) திரை எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அகன்ற நிறவெளியுள்ள திரையில் எஸ்ஆர்ஜிபி நிலை என்று ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் சாதாரணப் படங்களில் முகங்கள் செங்கல் நிறத்தில் தெரியும். நிறத்தை வைத்தே பிழைப்பவர் அளவிடும் கருவி ஒன்றை வாங்கி, சில மாதங்களுக்கு ஒருமுறை திரையைச் சீரமைக்க வேண்டும். மற்றவர்கள் நிற வெப்பநிலையை 6500 கெல்வினில் வைத்து, ‘விவிட்’, ‘டைனமிக்’ போன்ற பகட்டு நிலைகளை அணைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வளைந்த திரை நல்லதா?

34 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள அகன்ற திரைகளில் ஓரங்கள் கண்ணுக்கு அருகில் வருவதால் பயனுண்டு. 24, 27 அங்குலங்களில் அது தோற்றத்துக்கு மட்டுமே. கட்டட வரைபடம்போல் நேர்கோடுகளோடு வேலை செய்பவர் தட்டைத் திரையையே எடுக்கலாம்.

எந்தக் கேபிளில் இணைப்பது?

மேசைக் கணினியில் டிஸ்ப்ளே போர்ட் இருந்தால் அதுவே முதல் தேர்வு. அந்தக் கேபிளின் முனையில் சிறிய அழுத்தி ஒன்று இருக்கும். அதை அழுத்திக்கொண்டே கழற்ற வேண்டும், வெறுமனே இழுத்தால் துளை பெயர்ந்துவிடும். எச்டிஎம்ஐ-யில் பதிப்பைப் பார்க்க வேண்டும்: 1.4 பதிப்பு 4கே படத்தை 30 ஹெர்ட்ஸில்தான் தரும். 60 ஹெர்ட்ஸுக்கு 2.0 வேண்டும். புதிய 4கே திரையில் சுட்டி விட்டு விட்டு நகர்கிறது என்று குறைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த 30 ஹெர்ட்ஸில் மாட்டியவர்கள்தாம்.

மடிக்கணினிக்கு யூஎஸ்பி-சி வசதியானது. ஒரே கேபிளில் படமும் போகும், மடிக்கணினிக்கு மின்னூட்டமும் வரும். ஆனால் எல்லா யூஎஸ்பி-சி துளைகளும் படத்தை அனுப்புவதில்லை; செல்பேசியோடு வந்த கேபிள்கள் பல மின்னூட்டத்துக்கு மட்டுமே ஆனவை. திரை 65 வாட் தருகிறதா, 90 வாட் தருகிறதா என்பதையும் உங்கள் மடிக்கணினி கேட்கும் அளவையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 1987-இல் வந்த விஜிஏ இணைப்பு அனலாக் முறை என்பதால் எழுத்து சற்றுக் குழையும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

திரை புதிது, ஆனால் எழுத்து மங்கலாக இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். முதலில், இயங்குதளத்தில் திரையின் இயல்பான தெளிவுத்திறன் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்சிடி திரை அந்த ஓர் அளவில் மட்டுமே கூர்மையாக இருக்கும். அடுத்து, எச்டிஎம்ஐ-யில் இணைத்திருந்தால் கணினி அந்தத் திரையைத் தொலைக்காட்சி என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்போது மூன்று அடையாளங்கள் தெரியும்: படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கும் அல்லது சுற்றிலும் கறுப்புப் பட்டை இருக்கும், கறுப்பு சாம்பலாக வெளுத்திருக்கும், நீலப் பின்னணியில் உள்ள சிவப்பு எழுத்து கரைந்து தெரியும். கிராஃபிக்ஸ் கார்டின் அமைப்பில் நிற வடிவத்தை ஆர்ஜிபி என்றும், வீச்சை முழு வீச்சு என்றும், திரையில் படத்தின் ஓரங்களை வெட்டும் ‘ஓவர்ஸ்கேன்’ என்பதை அணைத்தும் வைத்தால் இவை நீங்கும். ‘ஷார்ப்னெஸ்’ அளவை மிகவும் ஏற்றிவைத்திருந்தாலும் எழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றும். தொழிற்சாலை அளவுக்கே அதைத் திருப்புங்கள்.

வாங்கிய முதல் நாள் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஐந்து நிறங்களையும் தனித்தனியே முழுத்திரையில் காட்டி, அருகில் சென்று பாருங்கள். எப்போதும் எரியும் புள்ளி கறுப்பிலும், எப்போதும் அணைந்திருக்கும் புள்ளி வெள்ளையிலும் தெரியும். கறுப்பைக் காட்டும்போது அறையை இருட்டாக்கினால் மூலைகளில் ஒளி கசிவது தெரியும்; ஓரளவு கசிவு எல்லா எல்சிடி திரையிலும் உண்டு, சாதாரண வெளிச்சத்தில் கண்ணில் படாவிட்டால் விட்டுவிடலாம்.

ஒரு புள்ளி கெட்டாலே மாற்றித் தருவார்கள் என்று எண்ண வேண்டாம். 1920×1080 திரையில் 20 லட்சத்துக்கும் மேல், 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள் உள்ளன. ஐஎஸ்ஓ 9241-307 தரநிலையின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் பிக்சல்களுக்கு எப்போதும் எரியும் புள்ளிகள் இரண்டும் எப்போதும் அணைந்த புள்ளிகள் இரண்டும் இருக்க இடம்தருகிறது. பல நிறுவனங்களின் உத்தரவாதம் இந்த வகுப்பை ஒட்டியே எழுதப்படுகிறது. சில மாதிரிகளுக்கு எரியும் புள்ளி ஒன்றுகூட இருக்காது என்று தனி உறுதி தருகிறார்கள். பணம் கொடுக்கும் முன்பே உத்தரவாதத்தில் அந்தப் பத்தியைத் தேடி வாசியுங்கள். திருப்பும் காலம் முடியும்வரை அட்டைப்பெட்டியையும் உள்ளிருந்த தெர்மோகோலையும் எறியாதீர்கள்.

திரையை எந்த உயரத்தில், எந்தத் திசையில் வைப்பது?

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்க வேண்டும். நடுப்பகுதி கண்ணின் கிடைமட்டக் கோட்டுக்கு 15 முதல் 20 பாகை வரை கீழே விழ வேண்டும். சற்றுத் தாழ்ந்து பார்க்கும்போது இமை கண்ணை இன்னும் கொஞ்சம் மூடியிருப்பதால் கண் உலர்வதும் குறைகிறது. இருவகைப் பார்வைக் கண்ணாடியோ, படிப்படியாக மாறும் ப்ரோக்ரஸிவ் கண்ணாடியோ அணிபவர்கள் திரையை இன்னும் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே வாசிக்க மோவாயை உயர்த்தி உயர்த்தி மாலையில் பிடரி வலிக்கும். இவர்கள் கண் மருத்துவரிடம் திரைத் தூரத்தைச் சொல்லி அதற்கென்றே ஒரு கண்ணாடி கேட்பது இன்னும் நல்லது. உயரம் மாற்ற முடியாத தாங்கியோடு வரும் திரைகளின் விலை குறைவாக இருக்கும். அந்த மிச்சம் ஒரு நாளும் மிச்சமாக முடிவதில்லை.

திசையைப் பொறுத்தவரை, சன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் வர வேண்டும். முன்னால் இருந்தால் கண் கூசும். பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும். இதைச் சோதிக்கப் பகல் வேளையில் திரையை அணைத்துவிட்டு, வழக்கமான இடத்தில் அமர்ந்து அந்தக் கறுப்புப் பரப்பைப் பாருங்கள். அதில் தெரியும் சன்னல் சட்டம், குழல்விளக்கு, உங்கள் வெள்ளைச் சட்டை ஆகிய ஒவ்வொன்றும் திரை எரியும்போதும் அங்கேயேதான் இருக்கின்றன. எழுத்தோடு சேர்த்து அவற்றையும் கண் நாள் முழுதும் விலக்கிக்கொண்டிருக்கிறது. திரையைச் சில பாகை திருப்புவதோ திரைச்சீலை போடுவதோ அவற்றில் பெரும்பகுதியை நீக்கிவிடும்.

வெளிச்சம் எவ்வளவு வைப்பது?

கடையில் கவனத்தை ஈர்ப்பதற்காகத் தொழிற்சாலையிலேயே வெளிச்சத்தை மிகுதியாக வைத்து அனுப்புகிறார்கள். மிதமான வெளிச்சமுள்ள அறைக்கு 120 நிட் அளவு போதும். அளக்கக் கருவி வேண்டாம்: வெற்றுப் பக்கம் ஒன்றைத் திரையில் திறந்து, அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரை விளக்கைப்போல் எரிந்தால் குறையுங்கள். தாளைவிட அழுக்காகத் தெரிந்தால் கூட்டுங்கள். இரவில் மீண்டும் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். இருட்டறையில் திரையை மட்டும் எரியவிட்டு உட்காராமல் அதன் பின்சுவரில் மெல்லிய வெளிச்சம் விழும்படி ஒரு விளக்கு வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

திரையின் நீல ஒளி கண்ணைக் கெடுக்குமா?

திரையிலிருந்து வரும் ஒளி கண்ணைச் சேதப்படுத்துகிறது என்பதற்குச் சான்றில்லை என்பதே அமெரிக்கக் கண் மருத்துவக் கழகத்தின் நிலைப்பாடு. கணினிக்கென்று நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியை அது பரிந்துரைப்பதில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும், அத்தகைய கண்ணாடிகள் கண் களைப்பைக் குறுகிய காலத்தில் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே கூறியது. இரவில் மிகுந்த வெளிச்சம், அதிலும் நீலம் மிகுந்த வெளிச்சம், தூக்கத்துக்குரிய மெலடோனின் சுரப்பைக் குறைக்கக்கூடியது. ஆகவே உறங்கும் முன் வெளிச்சத்தைக் குறைப்பதிலும் இரவு நிலையைப் பயன்படுத்துவதிலும் தவறில்லை. முன்னதாகவே அணைப்பது அதைவிட நல்லது.

கண் எரிவதற்குப் பெரும்பாலும் வேறு காரணம் உண்டு. நிமிடத்துக்குப் பதினைந்து முறை அளவில் இமைக்கும் கண், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. கண்ணீர்ப் படலம் உலர்ந்துவிடுகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தொலைவில் உள்ள எதையாவது இருபது நொடி பார்க்க வேண்டும் என்ற விதி நினைவில் வைக்க எளிது. மின்விசிறியின் காற்றோ குளிர்சாதனக் காற்றோ நேராக முகத்தில் அடிக்கிறதா என்பதையும் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் தலைவலியும் மங்கலும் தொடர்ந்தால் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிறிய பார்வைக் குறைபாடு பலருக்கு இப்படித்தான் முதலில் தெரியவருகிறது.

சில திரைகளில் வெளிச்சத்தைக் குறைத்தால் தலை வலிக்கிறது. ஏன்?

வெளிச்சத்தைக் குறைக்க இரண்டு வழிகள் உள்ளன: பின்னொளிக்குச் செல்லும் மின்னோட்டத்தையே குறைப்பது ஒன்று, பின்னொளியை மிக வேகமாக அணைத்து எரியவிடுவது மற்றொன்று. இரண்டாவது முறையில் அந்த வேகம் போதாவிட்டால், கண்ணுக்குத் தெரியாத துடிப்பு சிலருக்குத் தலைவலியைத் தருகிறது. இருட்டறையில் திரையை வெள்ளையாக்கி, வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, ஒரு பென்சிலைத் திரையின் முன்னால் விரைவாக இடமும் வலமும் ஆட்டுங்கள். பென்சில் ஒரே மங்கலான விசிறியாகத் தெரிந்தால் கவலையில்லை. தனித்தனிப் பென்சில்களாகப் பிரிந்து தெரிந்தால் அந்தத் திரை துடிக்கிறது. மாற்ற முடியாத நிலையில், திரையின் வெளிச்சத்தை உயர்வாகவே வைத்துக்கொண்டு அறையின் வெளிச்சத்தையும் கூட்டிக்கொள்ளலாம். அப்போது துடிப்பு குறையும். ஒளித்துடிப்பால் வலிப்பு வரும் இயல்புள்ளவர்கள் இதைத் தாமே சோதித்துப் பார்க்கக் கூடாது.

எப்படித் துடைப்பது?

திரையை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, பத்து நிமிடம் ஆறவிடுங்கள். அணைந்த திரையில்தான் விரல் ரேகையும் தும்மல் தெறிப்பும் தெளிவாகத் தெரியும். முதலில் ஈரமில்லாத மைக்ரோஃபைபர் துணியால் தூசியை மெல்லத் தட்டி எடுக்க வேண்டும். தூசியோடு சேர்த்து ஈரத்துணியால் தேய்த்தால் அந்தத் தூசியே மேற்பூச்சைக் கீறும். பிறகும் கறை இருந்தால், துணியின் ஒரு மூலையை மட்டும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, மேலிருந்து கீழாக அழுத்தாமல் துடையுங்கள். திரைமேல் நேராகத் தெளிப்பது கூடவே கூடாது. வழியும் ஒரு துளி கீழ்ச் சட்டத்தின் இடுக்கில் இறங்கினால், அங்குள்ள மின் இணைப்புகளை அரித்துத் திரையில் நிரந்தரக் கோடுகளை உண்டாக்கிவிடும்.

கண்ணாடி துடைக்கும் திரவம், அம்மோனியா, அசிட்டோன், காகிதக் கைக்குட்டை ஆகியவை வேண்டாம். ஆல்கஹாலை, கையேட்டில் வெளிப்படையாக அனுமதித்திருந்தால் மட்டும் பயன்படுத்தலாம். முழுதும் உலர்ந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். பின்புறக் காற்றுத் துளைகளை மென்மையான தூரிகையால் அவ்வப்போது தட்டிவிடுங்கள்.

ஸ்கிரீன்சேவர் வேண்டுமா? திரையை எரியவிட்டே போகலாமா?

ஸ்கிரீன்சேவர் பழைய படக்குழாய்த் திரைகளில் படம் பதிந்துவிடாமல் காக்க வந்தது. இன்று அதற்கு வேலையில்லை. சில நிமிடங்களில் திரை தானே உறங்கும்படி அமைப்பதே சரி. அண்மைக்காலத் திரைகள் உறங்கும்போது அரை வாட்டுக்கும் குறைவாகவே மின்சாரம் எடுக்கும்.

மின் பாதுகாப்புக்கு என்ன செய்வது?

மூன்று முனைப் பிளக் உள்ள திரையை மண்ணிணைப்பு உள்ள இணைப்பில்தான் செருக வேண்டும். அடாப்டர் போட்டு இரண்டு முனையாக்கக் கூடாது. திரையின் உலோகப் பகுதியைத் தொடும்போது சுரீர் என்று உறுத்தினால் மண்ணிணைப்பைச் சோதிக்க மின்பணியாளரை அழையுங்கள். இடி மின்னலின்போது பிளக்கைக் கழற்றிவிடுவதே உறுதியான காப்பு. அருகில் விழும் மின்னலை மின்னெழுச்சித் தடுப்பான் முழுதும் தாங்கும் என்று நம்ப முடியாது. குளிர்ந்த வாகனத்திலிருந்து வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்த திரையை உடனே இயக்காமல், உள்ளே படிந்த ஈரம் உலரச் சில மணி நேரம் விடுங்கள்.

எரியும் நாற்றம், புகை, இடைவிடாத கீச்சொலி இவற்றில் ஒன்று வந்தாலும் முதலில் சுவரில் அணைத்து, பிளக்கைக் கழற்ற வேண்டும். மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். உள்ளே உள்ள மின்வழங்கிப் பலகையின் கெப்பாசிட்டர்கள் பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்னேற்றத்தை வைத்திருக்கும். பழைய படக்குழாய்த் திரைக்குள் இருந்தது இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல்.

மானிட்டர் கைத்தாங்கியைப் பொருத்துவதில் ஆபத்து உண்டா?

கைத்தாங்கி என்பது மேசை விளிம்பில் கவ்வியால் பொருத்தி, திரையை ஏந்தும் கை. திரையின் பின்புறம் 75×75 அல்லது 100×100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு துளைகள் இருக்கும். பெரும்பாலும் எம்4 அளவுத் திருகாணிகள் பொருந்தும். நீளமான திருகாணியை வலிந்து முறுக்கினால் அது உள்ளே உள்ள பலகையைக் குத்திவிடும். கண்ணாடி மேசையில் கவ்வியை முறுக்கவே கூடாது. மெல்லிய மரத்துகள் பலகையில் அடியிலும் மேலும் உலோகத் தகடு வைத்து முறுக்க வேண்டும். திரையைக் கழற்றும்போதுதான் விபத்து நடக்கிறது: சுமை நீங்கியதும் வில்விசை உள்ள கைத்தாங்கி சட்டென்று மேலே எகிறி முகத்தில் அடிக்கும். கழற்றும் முன் தாங்கியை அதன் உச்ச உயரத்துக்குத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் கேபிள்கள் மேசை விளிம்பில் தொங்கக் கூடாது. அதைப் பிடித்து இழுத்தால் திரை தலைமேல் விழும்.

பயன்படுத்திய திரையை வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் எரியவிட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். அரை மணி நேரம் எரிந்த பிறகு மூலைகள் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறியிருந்தால் பின்னொளி வயதாகிவிட்டது. ஒவ்வொரு துளையிலும் கேபிளைச் செருகி மெல்ல அசைத்துப் பாருங்கள். படம் விட்டு விட்டு வந்தால் துளை தளர்ந்திருக்கிறது. ஓஎல்இடி என்றால் சாம்பல் நிறத்தை முழுத்திரையில் காட்டித் தழும்பு தேடுங்கள்.

கெட்டுப்போன திரையைப் பழுதுபார்ப்பதா, கழிப்பதா?

விளக்கு எரிந்து உடனே அணைகிறது, அல்லது சுவிட்ச் போட்டும் உயிரே இல்லை என்றால் பெரும்பாலும் மின்வழங்கிப் பகுதியின் கோளாறு. தேர்ந்த தொழிலாளர் அதைக் குறைந்த செலவில் சரிசெய்துவிடுவார். படம் மங்கலாக இருந்து, கைவிளக்கைச் சாய்த்து அடித்தால் மட்டும் தெரிந்தால் பின்னொளி போய்விட்டது. பேனலே உடைந்தாலோ நெடுக்குக் கோடுகள் வந்தாலோ, மாற்றுப் பேனலின் விலை புதிய திரையின் விலையை நெருங்கும். அந்தச் செலவு வீண்.

கழிக்கும் திரையைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. எல்இடிக்கு முந்தைய எல்சிடி திரைகளின் பின்னொளிக் குழல்களில் பாதரசமும், படக்குழாய்த் திரைகளின் கண்ணாடியில் ஈயமும் உள்ளன. குழல் உடைந்த திரையைக் கையுறையோடு எடுத்து, ஒரு பையில் கட்டி, சன்னல்களைத் திறந்துவிட்டு, மின்கழிவு சேகரிப்பு மையத்தில் அது உடைந்தது என்று சொல்லிக் கொடுங்கள்.